அமர்ந்திருத்தல் என்றால் என்ன? ஏசாயா சொன்ன சமாதானமும் எருசலேம் கண்ட தப்புவித்தலும்

கேள்வி சுருக்கமாக இது: "உம்மை உறுதியாய்ப் பற்றிக்கொண்ட மனதையுடையவன் உம்மையே நம்பியிருக்கிறபடியால், நீர் அவனைப் பூரண சமாதானத்துடன் காத்துக்கொள்வீர்" (ஏசாயா 26:3) என்ற வசனம் புதுவருஷ ஆராதனையில் வாக்குத்தத்த அட்டையாகக் கிடைத்தது. ஆனால் வருஷம் முழுக்க வீட்டில் நோயும் கடனும் பயமும்தான். குறை என் விசுவாசத்திலா? "அமர்ந்திருங்கள்" என்றால் ஒன்றும் செய்யாமல் இருப்பதா?

முதலில் அட்டையை வைத்துவிட்டு, அந்த வசனம் இருக்கும் அதிகாரத்தை முழுவதும் வாசியுங்கள். மொத்தம் 21 வசனங்கள், ஐந்து நிமிஷம் போதும். மூன்றாம் வசனத்தில் பூரண சமாதானம். அதே பாட்டின் 18-ஆம் வசனத்தில், பிரசவ வேதனைப்பட்டும் காற்றைப் பெற்றவர்களைப்போல் ஆனோம் என்கிற புலம்பல். 20-ஆம் வசனத்தில், "உன் அறைக்குள்ளே பிரவேசித்து, உன் கதவுகளைப் பூட்டிக்கொண்டு", சினம் கடந்துபோகும்வரை ஒளிந்திரு என்ற கட்டளை. அதாவது, பூரண சமாதானத்தைப் பாடுகிறவர்கள் பூட்டிய கதவுக்குப் பின்னால் இருக்கிறார்கள். வெளியே புயல் ஓயவில்லை. ஆகவே உங்கள் வீட்டில் கஷ்டம் இருப்பதே வசனம் பொய்த்ததற்கு அடையாளம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த வசனம் எழுதப்பட்ட இடமே அப்படித்தான்.

எபிரெயத்தில் "பூரண சமாதானம்" என்பது "ஷாலோம் ஷாலோம்", ஒரே சொல் இரண்டு முறை. "உறுதியாய்ப் பற்றிக்கொண்ட" என்று நம் வேதாகமம் சொல்லும் இடத்தில் உள்ள சொல்லுக்கு முட்டுக்கொடுக்கப்பட்ட, ஊன்றிச் சாய்ந்த என்று பொருள். மனசு கலங்காமல் இருப்பதைப் பற்றியல்ல, பாரம் எதன்மேல் ஊன்றியிருக்கிறது என்பதைப் பற்றியே ஏசாயா பேசுகிறார். சுவர் ஆடலாம், முட்டுக்கட்டை பிடித்துக்கொண்டிருக்கிறதா என்பதுதான் கேள்வி. "என் உள்ளத்தில் அமைதி இருக்கிறதா" என்று நம்மையே நாம் தடவிப் பார்த்துக்கொண்டிருப்பதால்தான் பாதிப் பேர் சோர்ந்துபோகிறோம்.

இது வெறும் சொல்லாராய்ச்சி இல்லை என்பதற்கு ஏசாயாவின் காலத்திலேயே யூதாவின் இரண்டு ராஜாக்கள் சாட்சி: ஆகாஸும் அவன் மகன் எசேக்கியாவும். இருவரும் சோதிக்கப்பட்டது ஒரே இடத்தில்.

கி.மு. 735 வாக்கில் சீரிய ராஜா ரேத்சீனும் வடக்கே இருந்த இஸ்ரவேலின் ராஜா பெக்காவும் சேர்ந்து எருசலேமின்மேல் வருகிறார்கள். ஆகாஸ் ராஜாவின் இருதயமும் ஜனத்தின் இருதயமும் காற்றில் அசையும் காட்டு மரங்களைப்போல அசைகின்றன. ஏசாயா தன் மகன் சேயார் யாசூபைக் கூட்டிக்கொண்டு, வண்ணார் துறைக்குப் போகும் வழியில் மேல்குளத்துத் தண்ணீர் வரும் வாய்க்காலின் முனையில் ராஜாவைச் சந்திக்கிறார். முற்றுகை வந்தால் தண்ணீர் தாங்குமா என்று பார்க்கவே ராஜா அங்கே போயிருக்க வேண்டும். அங்கே அவனுக்குச் சொல்லப்பட்டது: "நீ பயப்படாமல் அமர்ந்திருக்கப்பார்." அந்த இரண்டு ராஜாக்களும் புகைகிற கொள்ளிக்கட்டைகள், எரிந்து தீர்ந்தவை. பிறகு ஒரே வரி: "நீங்கள் விசுவாசியாவிட்டால் நிலைபெறமாட்டீர்கள்" (7:9). விசுவாசிப்பது, நிலைபெறுவது என்ற இரண்டுக்கும் எபிரெயத்தில் ஒரே வேர்ச்சொல். நாம் ஜெபத்தின் முடிவில் சொல்லும் "ஆமென்" பிறந்த வேரும் அதுதான்.

ஆகாஸ் ஏற்கவில்லை. அசீரிய ராஜா திகிலாத்பிலேசருக்கு ஆள் அனுப்பி, நான் உம்முடைய அடியானும் உம்முடைய குமாரனும் என்று சொல்லி, ஆலயத்தின் வெள்ளியையும் பொன்னையும் காணிக்கையாகக் கொடுத்தான் (2 இராஜாக்கள் 16:7, 8). கண்ணுக்குத் தெரிந்தவரை அது பலித்தது. கி.மு. 732-ல் சீரியாவின் தலைநகர் தமஸ்கு விழுந்தது, ரேத்சீன் செத்தான். பிரச்சினை தீர்ந்ததே, நல்ல முடிவுதானே என்று தோன்றும். ஆனால் மெதுவாய் ஓடுகிற சீலோவாவின் தண்ணீர் வேண்டாம் என்றவர்களுக்குப் பெருவெள்ளம் வரும், அது கழுத்துவரை ஏறும் என்று ஏசாயா எட்டாம் அதிகாரத்தில் சொன்னார். கூப்பிட்ட அசீரியாவே பின்பு யூதாவை மூழ்கடிக்க வந்தது. வட்டிக்கு வாங்கிக் கடனை அடைப்பவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகப் புரியும்.

அடுத்து ஆகாஸின் மகன் எசேக்கியா. கி.மு. 701-ல் அசீரிய ராஜா சனகெரிப் வருகிறான். அவன் அனுப்பிய ரப்சாக்கே என்ற அதிகாரி பெரிய படையோடு வந்து நின்ற இடம் எது? வண்ணார் துறையின் வழியில், மேல்குளத்து வாய்க்கால் அருகே (36:2). தகப்பன் தவறிய அதே இடம். ஏசாயா புஸ்தகம் இந்த இரண்டு காட்சிகளையும் ஒரே முகவரியில் வைத்திருப்பதைக் கவனிக்காமல் 26:3-ஐ வாசித்தால் பாதி அர்த்தம் கைநழுவிப்போகும்.

எசேக்கியாவை நாம் பிரசங்கங்களில் விசுவாச வீரனாக மட்டும் கேட்டிருக்கிறோம். வேதம் அவனுடைய தடுமாற்றத்தையும் மறைக்கவில்லை. அவன் செய்த மூன்று காரியங்களைப் பிரித்துப் பார்த்தால் உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை கிடைக்கும்.

முதலாவது, மதிலும் தண்ணீரும். எருசலேமுக்குத் தண்ணீர் தந்த கீகோன் ஊற்று பள்ளத்தாக்கின் ஓரத்தில் இருந்தது. எதிரி கையில் அது சிக்கக் கூடாதென்று பாறையைக் குடைந்து நகருக்குள் தண்ணீரைத் திருப்பினார்கள். அந்தச் சுரங்கம் இன்றும் இருக்கிறது, சுமார் 533 மீட்டர் நீளம். இரண்டு முனைகளிலிருந்தும் இரண்டு குழுக்கள் குடைந்துகொண்டே வந்து, பாறைக்கு அந்தப் பக்கம் கூப்பிடுகிறவனின் சத்தத்தைக் கேட்டுச் சந்தித்தார்கள் என்று, 1880-ல் அங்கே கண்டெடுத்த கல்வெட்டு சொல்கிறது. மதிலைக் கெட்டியாக்க வீடுகளை இடித்தார்கள் என்று ஏசாயா 22:10 கூறுகிறது. எருசலேமில் தோண்டி எடுத்த அக்காலத்து மதிலின் அகலம் சுமார் 7 மீட்டர். அது பழைய வீடுகளின் அடித்தளங்கள்மேல் ஏறித்தான் போகிறது.

இரண்டாவது, எகிப்து. கழுதைகள்மேலும் ஒட்டகங்கள்மேலும் செல்வத்தை ஏற்றி, சிங்கமும் விரியனும் திரியும் தெற்கு வனாந்தரம் வழியாக எகிப்துக்குத் தூது போனது (30:6). குதிரையும் இரதமும் வாங்கத்தான்.

மூன்றாவது, கப்பம். லாகீஸ் பட்டணத்தில் இருந்த சனகெரிப்புக்கு, "நான் குற்றஞ்செய்தேன்" என்று சொல்லி அனுப்பி, 300 தாலந்து வெள்ளியும் 30 தாலந்து பொன்னும் கொடுத்தான் (2 இராஜாக்கள் 18:14). தாலந்து ஒன்றுக்கு 30 கிலோவுக்குக் குறையாது; ஏறக்குறைய 10 டன் வெள்ளி, 1 டன் பொன். ஆலயக் கதவுகளில் தானே இழைத்த பொன்தகட்டைத் தானே உரித்தான். நினிவேயில் கிடைத்த சனகெரிப்பின் களிமண் சாசனத்திலும் 30 தாலந்து பொன் என்றே இருக்கிறது, வெள்ளிக் கணக்கு மட்டும் 800 என்று கூடுதல். இவ்வளவும் வாங்கிக்கொண்டு அவன் திரும்பிப் போகவில்லை. ரப்சாக்கேயை அனுப்பினான்.

இந்த மூன்றில் ஏசாயா எதைக் கண்டித்தார்? எகிப்தை, நேரடியாக, கடுமையாக. "எகிப்தியர் தெய்வம் அல்ல, மனுஷர்தானே" (31:3). சுரங்கத்தை அவர் பாவம் என்று சொல்லவில்லை. ஆனால் 22:11-ல், குளம் வெட்டினீர்கள், அதை நெடுங்காலத்துக்கு முன்னே ஏற்படுத்தினவரை நோக்கவில்லையே என்று கேட்கிறார். இதுதான் கோடு. வேலை செய்வது அவிசுவாசம் அல்ல. கர்த்தரைக் கேளாமல், அவருடைய இடத்தில் வைக்கிற உடன்படிக்கை அவிசுவாசம். "அமரிக்கையும் நம்பிக்கையுமே உங்கள் பெலனாயிருக்கும்" (30:15) என்பது கடப்பாரையைக் கீழே போடச் சொன்ன வார்த்தையல்ல. அடுத்த வசனத்தில், அப்படியல்ல, குதிரை ஏறி ஓடுவோம் என்றவர்களுக்குச் சொன்னது. ஒரே சுரங்கத்தை நம்பிக்கையோடும் தோண்டலாம், கர்த்தரை மறந்தும் தோண்டலாம். வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

நோயைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். 38-ஆம் அதிகாரத்தில் எசேக்கியாவுக்கு 15 வருஷம் கூட்டிக் கொடுப்பதாகக் கர்த்தரே வாக்குக் கொடுத்துவிட்டார். அதற்கப்புறமும் ஏசாயா, அத்திப்பழத்து அடையைக் கொண்டுவந்து பிளவையின்மேல் பற்றுப்போடச் சொல்கிறார். வாக்கு இருக்கும்போது மருந்து எதற்கு என்று தீர்க்கதரிசியே கேட்கவில்லை. மாத்திரையை நிறுத்துவதுதான் விசுவாசம் என்று யாராவது சொன்னால் ஏசாயா 38:21-ஐக் காட்டுங்கள், தயங்க வேண்டாம்.

இனி பயம். ரப்சாக்கே மதிலடியில் நின்று கத்தின பேச்சை மெதுவாக வாசியுங்கள். "நம்பிக்கை", "நம்புதல்" என்ற சொல்லையே அவன் திரும்பத் திரும்ப அடிக்கிறான். எகிப்து நெரிந்த நாணற்கோல், சாய்ந்தால் உள்ளங்கையில் குத்தி உருவிப்போகும் என்கிறான், அது உண்மை. 2000 குதிரை தருகிறேன், ஏற உன்னிடம் ஆள் இருக்கிறதா என்று கேட்கிறான், அதுவும் உண்மை. கர்த்தரே என்னை அனுப்பினார் என்றும் சொல்லிப் பார்க்கிறான். எசேக்கியாவின் அதிகாரிகளான எலியாக்கீமும் செப்னாவும் யோவாகும், மதில்மேல் இருக்கிற ஜனத்துக்குக் கேட்காதபடி சீரிய பாஷையில் பேசும் என்று கெஞ்சியபோது, அவன் யூத பாஷையிலேயே இன்னும் உரக்கப் பேசினான். பயம் இப்படித்தான் பேசும்: நம் வீட்டுப் பாஷையில், முக்கால்வாசி உண்மையோடு. ஜனங்கள் பதில் பேசவில்லை. ராஜாவின் கட்டளை அப்படி. பயத்தோடு வாதாடி ஜெயிக்க அவர்கள் முயலவில்லை.

பிறகு சனகெரிப்பின் மிரட்டல் கடிதம் வந்தது. எசேக்கியா அதை வாங்கி, வாசித்து, ஆலயத்துக்குப் போய்க் கர்த்தருக்கு முன்பாக விரித்தான் (37:14). அவன் ஜெபம் ஐந்தே வசனம் (37:16-20). நீங்களும் அந்த வரிசையைப் பின்பற்றலாம். முதலில், தேவன் யார் என்று சொல்கிறான்: வானத்தையும் பூமியையும் உண்டாக்கினவர். அடுத்து, பாரும், கேளும் என்று காரியத்தை அவர் முன் வைக்கிறான். மூன்றாவதாக, உண்மை நிலவரத்தை ஒத்துக்கொள்கிறான்: அசீரிய ராஜாக்கள் ஜாதிகளை நாசமாக்கினது மெய்தான் என்கிறான். பலர் தவறவிடுவது இந்தப் படியைத்தான். மருத்துவ அறிக்கையை வாயால் சொன்னால் அவிசுவாச அறிக்கை ஆகிவிடுமோ என்று பயந்து, ஜெபத்தில்கூட மறைக்கிறார்கள். எசேக்கியா கடிதத்தை மடித்து வைக்கவில்லை, விரித்தான். கடைசியில்தான் விண்ணப்பம், அதற்குக் காரணத்தோடு: பூமியின் ராஜ்யங்கள் எல்லாம் நீரே கர்த்தர் என்று அறியும்படி இரட்சியும். உங்கள் வங்கிக் கடிதமோ ஸ்கேன் அறிக்கையோ கையில் இருந்தால், அப்படியே மேஜைமேல் விரித்து வைத்து இந்த வரிசையில் ஜெபியுங்கள்.

அந்த இரவில் அசீரியரின் பாளயத்தில் 1,85,000 பேர் விழுந்தார்கள், சனகெரிப் நினிவேக்குத் திரும்பினான் என்று ஏசாயா 37:36, 37 சொல்கிறது. சனகெரிப்பின் சொந்தச் சாசனமோ, எசேக்கியாவைக் கூண்டுப் பறவையைப்போல் எருசலேமில் அடைத்தேன் என்று பெருமை பேசிவிட்டு, நகரத்தைப் பிடித்தேன் என்று மட்டும் சொல்லாமல் கப்பக் கணக்குக்குத் தாவிவிடுகிறது.

இங்கே நிறுத்தினால் சாட்சிக் கூட்டத்துக்கு நன்றாக இருக்கும். ஆனால் தீர்க்கதரிசனம் இங்கே நிற்கவில்லை. அதே சாசனம் யூதாவின் 46 அரணான பட்டணங்களைப் பிடித்ததாகச் சொல்கிறது. எருசலேமுக்குத் தென்மேற்கே சுமார் 40 கிலோமீட்டரில் இருந்த லாகீஸ் விழுந்த காட்சியைச் சனகெரிப் தன் அரண்மனைச் சுவரில் செதுக்கிவைத்தான். இன்று அது லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. அதில் மூட்டை சுமந்து, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நாடுகடந்து போகும் யூதக் குடும்பங்களைப் பார்க்கலாம். அவர்களில் ஜெபித்தவர்கள் இல்லையா? இருந்திருப்பார்கள். எருசலேமுக்குக் கொடுத்த வாக்கு எருசலேமுக்குக் கொடுத்தது. அதை எல்லா ஊருக்கும் நீட்டினால் லாகீஸின் தாய்மாரிடம், உங்கள் விசுவாசம் போதவில்லை என்று சொல்ல வேண்டிவரும். ஏசாயா அப்படிச் சொல்லவில்லை, நாமும் சொல்லக் கூடாது.

தப்பினவர்களுக்கும் மறுநாளே எல்லாம் சரியாகவில்லை. 37:30-ல் கொடுத்த அடையாளம் இது: இந்த வருஷம் தப்பிப் பயிரானதைச் சாப்பிடுவீர்கள், இரண்டாம் வருஷம் தானாய் விளைவதை, மூன்றாம் வருஷம்தான் விதைத்து அறுப்பீர்கள். படை ஒரே ராத்திரியில் போனது. வயல் திரும்ப மூன்று வருஷம் ஆனது. சனகெரிப் தன் குமாரர் கையால் சாக 20 வருஷம், கி.மு. 681. உங்கள் வருஷம், கொல்லையில் தானாக முளைத்ததைப் பறித்துத் தின்கிற முதல் வருஷமாக இருக்கக்கூடும்.

இன்னொரு பெரிய தவறு, நேற்றைய தப்புவித்தலை இன்றைய உரிமையாக்குவது. எருசலேம் விழாது என்பது நூறு வருஷத்துக்குள் ஒரு மந்திரமாகிவிட்டது. எரேமியா தீர்க்கதரிசி ஆலய வாசலில் நின்று, "கர்த்தரின் ஆலயம்" என்று மூன்று முறை சொல்லிக்கொள்ளும் பொய்வார்த்தைகளை நம்பாதிருங்கள் என்றார் (எரேமியா 7:4). ஏசாயாவின் நாளில் நம்பிக்கை என்பது அசீரியாவுக்குச் சரணடையாமல் இருப்பது. எரேமியாவின் நாளில் நம்பிக்கை என்பது பாபிலோனுக்குக் கழுத்தை நீட்டுவது. அதே கர்த்தர், சொன்ன வார்த்தை வேறு. கிபியோன் ஊரானாகிய அனனியா இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பும் என்று பாபிலோனுக்கு அடங்குவதற்கு அடையாளமாக எரேமியா கழுத்தில் போட்டிருந்த நுகத்தை முறித்தான். கேட்க இனிப்பான செய்தி. ஐந்தாம் மாதம் சொன்னவன் ஏழாம் மாதம் செத்துப்போனான் (28-ஆம் அதிகாரம்). கி.மு. 586-ல் நகரம் எரிந்தது.

அட்டைகளில் அதிகம் வரும் இன்னொரு வசனம், "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" (எரேமியா 29:11). பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதின கடிதத்தில் வருவது இது. அதற்கு முந்தின வசனத்தில் 70 வருஷம் என்று இருக்கிறது. கடிதத்தை முதலில் கேட்ட பெரியவர்களில் பெரும்பாலோர் அந்த முடிவைக் கண்ணால் காண முடியாது. அவர்களுக்குச் சொன்னது: வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்கு விவாகம் பண்ணுங்கள், சிறைப்பட்டுப் போன அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி ஜெபியுங்கள். அங்கேயும் அதே "ஷாலோம்" தான்.

ஆகவே ஒரு வாக்குத்தத்தத்தைக் கையில் எடுக்கும்போது இதைச் செய்யுங்கள்: யாரிடம், எந்த ஆபத்தில், என்ன செய்யச் சொல்லி அது கொடுக்கப்பட்டது என்று ஒரு தாளில் எழுதுங்கள். அதில் கர்த்தருடைய குணத்தைப் பற்றிய பகுதியை (நித்திய கன்மலை, 26:4) தாராளமாக உங்களுக்கென்று எடுத்துக்கொள்ளுங்கள். தேதியையும் விதத்தையும் அவரிடம் விட்டுவிடுங்கள். பிறகு உங்கள் "எகிப்து" எது என்று பேர் சொல்லி எழுதுங்கள்: யாரைக் கேட்காமல் எந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போடப் போகிறீர்கள், எந்தக் கந்துவட்டிக்காரர், எந்தக் கட்டண ஜெபம். அதை நிறுத்துங்கள். உங்கள் சுரங்கம் எது என்றும் எழுதுங்கள்: சிகிச்சை, செலவுக் கணக்கு, கடன்காரரிடம் நேராகப் பேசி வாங்கும் தவணை. அதைத் தொடருங்கள். தீச்சூளைக்கு முன் நின்ற மூவரும், விடுவிக்க வல்லவர் என்றும், "விடுவிக்காமற்போனாலும்" என்றும் ஒரே மூச்சில்தான் சொன்னார்கள் (தானியேல் 3:17, 18).

விசுவாசக் குறை பற்றிக் கேட்டீர்களே, எரேமியா 38, 39-ல் எபெத்மெலேக் என்ற எத்தியோப்பியன் வருகிறான். எருசலேம் முற்றுகையில் இருக்கிறது, அப்பம் தீர்ந்துகொண்டிருக்கிறது. எரேமியாவைத் தண்ணீரில்லாத, உளையான துரவில் இறக்கிவிட்டிருந்தார்கள். அரண்மனை வேலைக்காரனான இவன் ராஜாவிடம் நேரே போய்ப் பேசி, 30 பேரைக் கூட்டிக்கொண்டு, பொக்கிஷ அறையின் கீழிருந்து கந்தைகளையும் பழம்புடவைகளையும் எடுத்துக் கயிற்றில் இறக்கினான். கயிறு அறுக்காதபடி அவைகளை அக்குளில் வைத்துக்கொள்ளும் என்று மேலிருந்து சொன்னான். நகரம் விழுமுன் கர்த்தர் அவனுக்கென்று தனியாக ஒரு வார்த்தை அனுப்பினார். "நீ பயப்படுகிற மனுஷரின் கையிலே" உன்னை ஒப்புக்கொடுக்க மாட்டேன், "நீ என்னை நம்பினபடியினால்" உன் பிராணன் தப்பும் என்று (39:17, 18). அவன் பயந்துகொண்டுதான் இருந்தான் என்பதைக் கர்த்தரே சொல்கிறார். நம்பினான் என்றும் அவரே சொல்கிறார், ஏசாயா 26:3-ல் உள்ள அதே எபிரெயச் சொல்லால்.